பூச்சி டீச்சர் பதில்கள்: ஈசல் இறக்கையும் முப்பது கோடி ஆண்டும்

சென்ற இதழில் தட்டான்களைப் பற்றி எழுதும்போது, நிலக்கரி உருவான காலத்தில் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறக்கை விரித்த தட்டான் போன்ற பூச்சி பறந்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்துவிட்டன. தோட்டப் பூச்சி, நெல் வயல் பூச்சிக் கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை எல்லாமே தொல்பூச்சிகள்தான்.

கழுகு அளவுக்குத் தட்டான் இருந்ததாக எங்கள் வகுப்பில் ஒரு பையன் சொல்கிறான். உண்மையா டீச்சர்? அதை யார் பார்த்தார்கள்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி

கழுகு இல்லை கண்ணு, காக்கை. உங்கள் வீட்டு மொட்டைமாடியில் வந்து உட்காரும் காக்கை இறக்கை விரித்தால் எவ்வளவு இருக்குமோ, அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதுவே பெரிய விஷயம்தான். இன்று உயிரோடு இருக்கும் தட்டான் வகைகளில் மிகப் பெரியது மத்திய அமெரிக்கக் காடுகளில் இருக்கிறது. அதன் இறக்கை விரிப்பே ஏறத்தாழ 19 செ.மீ.தான்.

யாரும் பார்க்கவில்லை. மனிதனே அப்போது இல்லை. பறவை இல்லை, வௌவால் இல்லை, டைனோசரும் வரவில்லை. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வானத்தில் பறந்தவை பூச்சிகள் மட்டும்தான். பிரான்ஸ் நாட்டில் கொமாந்த்ரி என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் அந்தப் பூச்சியின் பதிவு கிடைத்தது. சார்ல் பிரோஞ்னியார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1885-இல் அதற்கு மெகாநியூரா என்று பெயர் வைத்தார். ‘பெரிய நரம்புகள் கொண்டது’ என்று பொருள். கண்ணையோ காலையோ வைத்துப் பெயர் வைக்கவில்லை பார், இறக்கையில் ஓடும் நரம்பை வைத்துத்தான் வைத்தார். அதற்கு ஒரு காரணம் உண்டு.

மழை பெய்த இரவில் உங்கள் வீட்டு டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கும் அல்லவா? மறுநாள் காலையில் அம்மா பெருக்குவதற்கு முன்னால் போய்த் தரையைப் பார். எறும்புகள் ஈசலின் உடம்பை இழுத்துப் போயிருக்கும், பல்லி பாதியைத் தின்றிருக்கும். இறக்கைகள் மட்டும் வாசல்வரை சிதறிக் கிடக்கும். அதில் சதை இல்லை, தின்பதற்கு ஒன்றும் இல்லை. உலர்ந்த மெல்லிய தகடு, அதைத் தாங்கும் நரம்புகள், அவ்வளவுதான். ஒரு குளத்து ஓரத்திலும் இதேதான் நடக்கும். உடம்பு அழுகிவிடும், மீன் தின்றுவிடும். இறக்கை மிதந்துபோய் நுண்ணிய சேற்றில் படியும். சேறு இறுகிக் கல்லாகும்போது நரம்புகளின் கோலம் அப்படியே அதில் பதிந்துவிடும். அதனால் பழைய பூச்சிகளில் மிகப் பலவற்றை நாம் இறக்கையை வைத்து மட்டுமே அறிவோம்.

மெகாநியூராவுக்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உறவினர் இருந்தார். ஃபிராங்க் கார்பென்டர் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர் கான்சஸ் மாநிலத்தில் கிடைத்த ஒரு முழுமையில்லாத இறக்கையை வைத்து 1939-இல் அதை விவரித்தார். இறக்கை விரிப்பு ஏறத்தாழ 71 செ.மீ. என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இதுவரை தெரிந்த பூச்சிகளில் அதுதான் பெரியது.

அந்தப் பையனிடம் இன்னொன்றும் சொல். இவை சரியான தட்டான்கள் இல்லை, தட்டானுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒரு தட்டான் செடியில் உட்கார்ந்திருக்கும்போது அதன் இறக்கையின் முன் விளிம்பைப் பார். நடுவில் சிறிய கணு போல ஒரு மடிப்பு இருக்கும். நுனிக்குப் பக்கத்தில் பொட்டு வைத்ததுபோல் ஒரு கருப்புக் கட்டம் இருக்கும். மெகாநியூராவின் இறக்கையில் இந்த இரண்டும் இல்லை. நூல் கட்டிப் பார்க்காதே, உட்கார்ந்திருக்கும்போதே பார்த்தால் போதும்.

அவ்வளவு பெரிய பூச்சிகள் இப்போது ஏன் இல்லை?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடம்பின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும், அங்கிருந்து மெல்லிய குழாய்கள் உள்ளே கிளை கிளையாகப் போகும். காற்று நேராகச் சதைக்கே போய்ச் சேர வேண்டும். உடம்பு பெரிதாக ஆக, குழாய் நீளமாகும், கடைசி முனைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். நிலக்கரிக் காலத்தின் இறுதியில் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 30 சதவீதம் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். இன்று 21. அதனால்தான் அப்போது பெரிய உடம்பு தாங்கியது என்பது பலரும் ஏற்கும் கருத்து.

ஆனால் அது மட்டும் போதாது. கலிஃபோர்னியாவில் மேத்யூ கிளாபம், ஜெரெட் கார் என்ற இருவர் 10,500-க்கும் மேற்பட்ட புதைபடிவ இறக்கைகளின் நீளத்தைத் திரட்டி 2012-இல் வெளியிட்டார்கள். பறக்கும் பூச்சிகளின் வரலாற்றில் முதல் 15 கோடி ஆண்டுகள்வரை ஆக்சிஜன் ஏறும்போது பூச்சியின் அளவும் ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது. அதற்குப் பிறகு, ஜுராசிக் காலம் முடியும் தருவாயில், இந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது. ஆக்சிஜன் கூடுகிறது, பூச்சி சிறுக்கிறது. பறவைகள் வந்த காலம் அது. காற்றில் துரத்திப் பிடிக்கும் அலகுக்கு முன்னால் பெரிய, மெதுவான இறக்கையால் என்ன செய்ய முடியும்? எனக்கு இந்த விளக்கம் மிகவும் பிடிக்கும். காரணம், அதற்கான அத்தனை சான்றும் வெறும் இறக்கை அளவு. ஒரு ஸ்கேலும் பொறுமையும் கொண்டு கண்டுபிடித்தது.

கரப்பான் பூச்சி டைனோசருக்கும் முந்தையதாமே?
— ஒரு இல்லத்தரசி, பரமக்குடி

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் பல ஆண்டுகள் வகுப்பில் அப்படியே சொன்னேன். திருத்திக்கொள்ள வேண்டும். 30 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளில் கரப்பான் போலவே தெரியும் பூச்சிகள் நிறைய உண்டு. ஆனால் அவற்றின் பெண் பூச்சிகளுக்குப் பின்னால் நீண்ட முட்டையிடும் குழாய் இருந்தது. உங்கள் சமையலறைக் கரப்பான் அலமாரி மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன கைப்பை மாதிரி முட்டைப் பெட்டியை ஒட்டிவிட்டுப் போகும். அந்தப் பழக்கம் அப்போது இல்லை. பழைய பூச்சிகள் கரப்பான், கும்பிடு பூச்சி, கரையான் மூன்றுக்கும் பொதுவான முன்னோர் வரிசையைச் சேர்ந்தவை. இன்றைய கரப்பான்கள் டைனோசர்கள் உலவிய காலத்தின் நடுவில்தான் தெரிய வருகின்றன.

டைனோசரைக் கடித்த கொசு அம்பரில் இருந்தால், அந்த ரத்தத்திலிருந்து டைனோசரை உருவாக்க முடியுமா? சினிமாவில் காட்டினார்களே.
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

முடியாது தம்பி. முயற்சி செய்யாமல் சொல்லவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அம்பரில், அதாவது மண்ணில் புதைந்து இறுகிய மரப்பிசினில், இருந்த தேனீ, கரையான், லெபனான் அம்பரில் இருந்த ஒரு கூன்வண்டு ஆகியவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்துவிட்டதாகப் பெரிய ஆய்விதழ்களிலேயே கட்டுரைகள் வந்தன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தினர் அதே முறையில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, 1997-இல் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள். முன்பு கிடைத்தது வெளியிலிருந்து கலந்த டி.என்.ஏ.வாக இருக்க வேண்டும். அப்புறம் 2012-இல், அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த எலும்புகளில் 521 ஆண்டுக்கு ஒருமுறை டி.என்.ஏ. பிணைப்புகளில் பாதி அறுந்துபோகிறது. டைனோசர் கடைசியாக நடந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ரத்தம் குடித்த கொசு உண்மையில் கிடைத்திருக்கிறது. அம்பரில் அல்ல, கல்லில். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், 4.6 கோடி ஆண்டு வயதுள்ள மெல்லிய களிமண் பாறையில் வயிறு உப்பிய ஒரு பெண் கொசு. டேல் கிரீன்வால்ட் குழுவினர் 2013-இல் அதன் வயிற்றைச் சோதித்தபோது இரும்பு மிகுதியாக இருந்தது, ரத்தச் சிவப்பணுவில் உள்ள ‘ஹீம்’ பொருளின் அடையாளமும் இருந்தது. ஊதினால் வெடிக்கும் பலூன் போன்ற அந்த வயிறு, உடையாமல் குளத்தின் அடியில் போய்ப் படிந்திருக்கிறது. டைனோசர் காலம் முடிந்து 2 கோடி ஆண்டு கழித்து வாழ்ந்த கொசு அது. டைனோசர் இல்லை என்று ஏமாற்றம் வேண்டாம். எந்த விலங்கின் ரத்தமோ, கடைசியாகக் குடித்த சாப்பாட்டோடு ஒரு கொசு 4.6 கோடி ஆண்டு கிடந்திருக்கிறது.

சுற்றுலா போன இடத்தில் பூச்சி உள்ளே இருக்கும் அம்பர் டாலர் ஒன்றை வாங்கினேன். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அம்பர் என்பது திமிங்கலத்திலிருந்து வருவதுதானே?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

முதலில் இரண்டாவது கேள்வி. திமிங்கலத்திலிருந்து வருவது அம்பர்கிரிஸ், வாசனைப் பொருள். இது வேறு. மரத்தின் பிசின் மண்ணில் புதைந்து கோடிக்கணக்கான ஆண்டுகளில் இறுகினால் அம்பர். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வந்த குழப்பம்.

ஒரு டம்ளர் தண்ணீரில் கரையும் மட்டும் உப்பைக் கரைத்து டாலரைப் போடுங்கள், சங்கிலியைக் கழற்றிவிட்டு. அம்பர் மிதக்கும். கண்ணாடியும் பல வகைப் பிளாஸ்டிக்கும் மூழ்கும். மிதந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம், இளம் பிசினும் மிதக்கும். பஞ்சில் நகப்பூச்சு நீக்கும் திரவத்தைத் தொட்டு, தெரியாத ஒரு ஓரத்தில் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது சில நூறு, சில ஆயிரம் ஆண்டு வயதுள்ள கோபால் பிசின். அப்புறம் உள்ளே இருக்கும் பூச்சி. பெரிய தேள், முழுசாகக் கால் விரித்து நடுவில் அழகாக உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிசினில் மாட்டிய பூச்சி துடித்திருக்கும். கால் கோணியிருக்கும், இறக்கை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும், பக்கத்தில் காற்றுக் குமிழிகள் இருக்கும்.

நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில், ஒரு பொருட்காட்சிக் கடையில் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு எறும்பு அம்பர் வாங்கினேன். உப்புத் தண்ணீரில் போட்ட நொடியே அடியில் போய் ‘டக்’கென்று உட்கார்ந்தது. அன்று அழுதேன். பிறகுதான் தெரிந்தது, பெரிய பெரிய நிபுணர்களே ஏமாந்திருக்கிறார்கள் என்று. லண்டன் அருங்காட்சியகத்தில் பால்டிக் அம்பருக்குள் ஒரு ஈ இருந்தது. 1922-இல் வாங்கியது. கழிப்பறைகளில் இன்றும் காணப்படும் அதே இனம், 4 கோடி ஆண்டு மாறாமல் இருக்கிறதே என்று அறிஞர்கள் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1993-இல் ஆண்ட்ரூ ராஸ் என்ற ஆய்வாளர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி ஒரு விரிசல் தெரிந்தது. யாரோ அம்பரை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் குடைந்து, புது ஈயை வைத்து மூடி ஒட்டியிருந்தார்கள். அம்பர் அசல், ஈ போலி. எழுபது ஆண்டு அந்த அருங்காட்சியகத்திலேயே யாருக்கும் தெரியவில்லை.

நம் நாட்டு அம்பர் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். குஜராத்தில் சூரத்துக்குப் பக்கத்தில் வஸ்தான் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். அங்கே கிடைக்கும் அம்பருக்கு 5 கோடி ஆண்டு வயது. ஜெர்மானிய, அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவின்படி, அதில் 55 குடும்பங்களைச் சேர்ந்த 700-க்கும் மேற்பட்ட பூச்சிகளும் சிலந்திகளும் இருந்தன. இந்தியா அப்போதுதான் தனித் தீவாக நீண்ட காலம் மிதந்து வந்து ஆசியாவோடு சேரத் தொடங்கியிருந்தது. அப்படியென்றால் வேறெங்கும் இல்லாத பூச்சிகள் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. உறவுக்காரர்கள் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். பூச்சிகள் கடல் தாண்டிப் போக்குவரத்து நடத்தியிருக்கின்றன.

அந்தப் பிசினைத் தந்தவை டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள். அது எது என்று கேட்டால், நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்தக் குடும்பம்தான். நெருப்பில் போட்டால் கோயில் வாசனை எழும் அந்த வெளிர்மஞ்சள் கட்டிகளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சில நேரம் தூசும் மரப்பட்டையும் உள்ளே தெரியும். ஒருமுறை எனக்கு ஒரு எறும்பின் கால் மட்டும் கிடைத்தது. போலி டாலருக்காக அழுத அழுகை அன்றுதான் தீர்ந்தது. வஸ்தான் அம்பரும் குங்கிலியம் மாதிரியே அவ்வளவாக இறுகாதது. கரைப்பானில் அம்பரைக் கரைத்து, பூச்சியை மட்டும் முழுசாக வெளியே எடுக்க முடிந்திருக்கிறது. உங்கள் டாலரைக் கரைத்துவிடாதீர்கள்.

உலகின் முதல் பூச்சி எது?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

ஸ்காட்லாந்தில் ரைனி என்று ஒரு கிராமம். வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் 1912 வாக்கில் அங்கே வயலிலும் கல்சுவரிலும் கிடந்த விசித்திரமான கற்களைக் கவனித்தார். ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் வெந்நீர் ஊற்று ஒன்று அங்கிருந்த செடிகளையும் சின்ன உயிர்களையும் கண்ணாடிபோல் மூடிக் கல்லாக்கியிருந்தது. அதில் பூச்சிகளுக்கு நெருங்கிய உறவான, தத்திக் குதிக்கும் ஒரு சிற்றுயிர் கிடைத்தது. இன்னொரு கல்லில் ஒரு ஜோடித் தாடை மட்டும் கிடைத்தது. 1928-இல் பெயர் வைத்து, ரைனியோக்னாத்தா என்று எடுத்து வைத்துவிட்டார்கள். 2004-இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய பெட்டியிலிருந்து அதை எடுத்துப் பார்த்து, இது பூச்சியின் தாடை, இறக்கையே கூட இருந்திருக்கலாம் என்றார்கள். 2017-இல் வேறு இருவர், இல்லை, இது பூரானின் உறவாக இருக்கலாம் என்றார்கள். ஆகவே ‘முதல் பூச்சி’ என்று சூட்டிய பட்டம் இன்னும் நிற்குமா என்பது ஒரு ஜோடித் தாடையில் தொங்குகிறது.

பழங்காலப் பூச்சிகள் சத்தம் போட்டனவா?
— ஒரு வாசகர், சிவகாசி

போட்டன. கேட்கவும் முடிந்திருக்கிறது. சீனாவின் உள் மங்கோலியாவில் 16.5 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு வெட்டுக்கிளி வகை கிடைத்தது. இறக்கை ஏறத்தாழ 7 செ.மீ. இறக்கையின் ஒரு நரம்பில் சீப்புப் பற்கள் மாதிரி ஒரு வரிசை. அந்தப் பற்களின் இடைவெளியை அளந்து, இன்று வாழும் உறவினங்களோடு ஒப்பிட்டு, அது 6.4 கிலோஹெர்ட்ஸில் ஒரே தூய சுரமாகப் பாடியிருக்கும் என்று 2012-இல் கண்டார்கள். ஒலியாகவே மீட்டும் தந்தார்கள். மாலை மங்கியதும் வீட்டுக்குப் பின்னால் சுவர்க்கோழி கத்தத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான்.

அரியலூரிலும் திருவக்கரையிலும் புதைபடிவங்கள் இருக்கின்றனவே. அங்கே பூச்சி கிடைக்குமா?
— ஆசிரியர், விழுப்புரம்

அரியலூர்ப் பாறைகள் கடலடியில் படிந்தவை. நத்தை, சிப்பி, அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரி எல்லாம் கிடைக்கும், பூச்சியைத் தேட அது இடமில்லை. திருவக்கரையில் கிடப்பது மணற்பாறையில் புதைந்த கல்மரங்கள். ஆற்று மணலின் உரசலில் மெல்லிய இறக்கை தாங்காது. ஆனால் கல்லான மரங்களில் வண்டு துளைத்த வழிகள் அப்படியே கல்லாகி நிற்பது உலகில் பல இடங்களில் உண்டு. மாணவர்களை அழைத்துப் போனால் மரத்தின் வளையத்தோடு துளைகளையும் தேடச் சொல்லுங்கள். ஒரு சில்லைக்கூட எடுக்க விடாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட இடம்.

என் மகள் ஏழாம் வகுப்பு. டைனோசரை விட்டுவிட்டுப் பழைய பூச்சி என்று சுற்றுகிறாள். எங்கே தொடங்கச் சொல்வது? இதற்கெல்லாம் வெளிநாடு போனால்தானே ஆகும்?
— ஒரு தந்தை, தேனி

ஐயா, அமெரிக்காவின் கொலராடோவில் புளோரிசன்ட் என்ற இடம் இருக்கிறது. 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எரிமலைச் சாம்பல் படிந்த ஏரி. அங்கே பண்ணை வைத்துப் பிழைத்த சார்லட் ஹில் என்ற பெண், தன் நிலத்தில் தாள் தாளாகப் பிரியும் கற்களைப் பிளந்து பூச்சிகளைச் சேர்த்தார். கல்லூரிப் படிப்பு ஏதும் கிடையாது. அவர் கண்டெடுத்த பட்டாம்பூச்சி ஒன்றின் இறக்கைக் கோலம், நரம்போடும் புள்ளிகளோடும் அப்படியே கல்லில் இருந்தது. சாமுவேல் ஸ்கடர் என்ற அறிஞர் 1878-இல் அதற்குப் பெயர் வைத்து உலகுக்குச் சொன்னார். புதைபடிவம் இருக்கும் இடத்தில் அவர் வாழ்ந்தார், சரி. உங்கள் மகள் அங்கே இல்லை. ஆனால் அந்தக் கல்லைப் பார்க்கத் தேவையான கண்ணைத் தேனியிலேயே பழக்கலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நகைக் கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டி வைத்துக்கொண்டு பொருளைத்தான் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் மாற்றிச் செய்து, தெரியவில்லை என்று விட்டுவிடுவார்கள். இறந்து கிடக்கும் பூச்சிகளின் இறக்கைகளை வெள்ளைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் பெரிதாகப் பென்சிலில் வரையச் சொல்லுங்கள். எந்த நரம்பு எங்கே பிரிகிறது, எது எதோடு சேர்கிறது என்பதுதான் கணக்கு. அழகு வேண்டாம், எண்ணிக்கை சரியாக இருக்கட்டும். கொசு, கரப்பான், தட்டான் மூன்றையும் வரைந்துவிட்டால், 30 கோடி ஆண்டு இறக்கையின் படம் கிடைத்தாலும் அதைப் படிக்கத் தொடங்கிவிடுவாள். என் மாணவிகள் வரைந்த தாள்கள் ஒரு அட்டைப் பெட்டி நிறைய இன்னும் என்னிடம் இருக்கின்றன.

முதல் இறக்கை ஈசலாக இருக்கட்டும். அடுத்த மழைக்கு வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைக்காமல் விடுங்கள். காலையில் துடைப்பம் வருவதற்கு முன்னால் அவளை எழுப்பிவிடுங்கள். முன் இறக்கையும் பின் இறக்கையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும், ஸ்கேல் வைத்து அளக்கட்டும். பிறகு அடிப்பக்கத்தை லென்ஸில் பார்க்கட்டும். கிழிந்த மாதிரி இருக்காது, கத்தியால் வெட்டினாற்போல் ஒரு கோடு இருக்கும். பறந்து முடிந்ததும் ஈசல் தானே இறக்கையை உதிர்க்கும் இடம் அது. கல்லில் கிடைக்கும் இறக்கையிலும் அந்தக் கோடு இருந்தால், ஒரு கரையான் கூட்டம் புற்றை விட்டுப் பறந்து இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். படத்தில் அந்தக் கோட்டை அவள் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள்.